இடது குதிங்கால்

ஆகஸ்ட் 12, திங்கள்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. இது தண்டனை. எங்கள் பன்னிரண்டு பேருக்கும் பள்ளிக்கூடமே வாங்கிக் கொடுத்திருக்கிறது. அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி வரை தினமும் எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் பி.டி. டீச்சர் வயலட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடந்ததை நினைத்து நினைத்து எழுதினால் எங்களுக்குப் புத்தி வந்துவிடும் என்று ஹெச்.எம். நம்புகிறார்.

என் பெயர் முப்பிடாதி. பன்னிரண்டாம் வகுப்பு, பி பிரிவு. மேலச்செவலூர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கபடி அணித் தலைவி. இன்று காலை பிரேயர் வரைக்கும் தலைவி என்று எழுதுவதுதான் சரி.

பிரேயரில் எங்களைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, ஹெச்.எம். மைக்கில் வாசித்தார். இந்த வருடம் முழுவதும் எந்த ஆட்டத்திலும் இந்த அணி இறங்கக் கூடாது. ஜெர்ஸியைத் துவைத்து மடித்து ஒப்படைக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்து கல் பொறுக்கி, மண் கொத்தி, தண்ணீர் தெளித்து, அடுத்தவர்கள் ஆடுவதற்குத் தரையைத் தயார் செய்ய வேண்டும். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தன. எனக்குக் காது சுட்டது.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை நல்லான்குளம் பள்ளியோடு குறுவட்ட இறுதி ஆட்டம். 24-24. கடைசி நிமிடம். அவர்கள் அணியின் ஆவுடைச்செல்வி எங்கள் பக்கம் கபடி கபடி என்று பாடி வந்தாள். திரும்பிப் போகும்போது என்னைத் தொட்டுவிட்டதாகச் சொன்னாள். அம்பயர் என்னைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். அம்பயர் புள்ளி கொடுக்கவில்லை. ஆவுடை ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து, "கள்ளி" என்றாள். அதற்கு மேல் யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. சுண்ணாம்புத் தூள் டப்பா பறந்தது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. ஆவுடையின் வலது கை மோதிர விரலில் எலும்பு முறிந்தது. அதை முறித்தது எங்கள் ஜெபக்கனி.

ஒரு பக்கம் வந்துவிட்டது. போதும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கல் பொறுக்கினோம். இத்தனை வருடம் இந்தத் தரையில் விழுந்து புரண்டிருக்கிறோம், இவ்வளவு கல் இருந்தது தெரியவே தெரியாது. மூன்று இரும்புச் சட்டி.

ஜெபக்கனியைப் பற்றி எழுத வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து என் கூடப் படிக்கிறாள். ஆட்டத்தில் நான் இடது மூலை, அவள் எனக்கு அடுத்த இடம். மாநில அணித் தேர்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்: நான், அவள். செப்டம்பர் 14, தென்காசியில். பள்ளிக்கூடம் போட்ட தடை அதற்குப் பொருந்தாது. எனக்குப் படிப்பு கொஞ்சம் வரும். ஜெபாவுக்குக் கணக்குப் பாடம் என்றாலே வயிற்றைக் கலக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் அவள் மேலே படிக்க முடியும். இப்போது அவள் பெயருக்கு நேரே "முதல் குற்றவாளி" என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தேழாம் தேதி மாவட்டத்திலிருந்து ஒரு சார் விசாரிக்க வருகிறார். அவர் இதை உறுதி செய்துவிட்டால் தேர்வுக்குப் போகவே முடியாது.

"ஏட்டி, சாரி" என்றேன், சட்டியைத் தூக்கிக்கொண்டு.

"நீ எதுக்கு சாரி கேக்க? அவ பொய் சொன்னா. நீ படலன்னு சொன்னா படலதான். ஒன்னப் போயி கள்ளிங்கா. பாத்துட்டு நிப்பேனா?"

அதற்குப் பிறகு நான் வேகமாகக் கல் பொறுக்கினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். அணிவகுப்பில் எங்களுக்கு இடமில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றோம். மிட்டாய் மட்டும் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மா தைத்த நைட்டிகளுக்கு நூல் பிசிறு வெட்டினேன். நாற்பத்தெட்டு. எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் நைட்டி தைக்கிறார்கள். அம்மா தைப்பாள், நான் பிசிறு வெட்டி, ஜிப் இழுத்துப் பார்த்து, மடித்து அடுக்குவேன். விரலுக்கு நல்ல பயிற்சி. மனசுக்கு ஒரு பயிற்சியும் இல்லை, அது பாட்டுக்கு எங்கேயாவது போய்விடுகிறது.

லாரியிலிருந்து அப்பா போன் பேசினார். நாக்பூர் தாண்டிவிட்டாராம். "சண்டையில ஒனக்கு அடி கிடி பட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப செரி" என்றார். அப்பாவுக்கு எல்லாமே இப்படிச் சுருக்கமாக முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 17, சனி

இன்று காலை எட்டு மணிக்கு நானும் ஹெச்.எம்.மும் யானை மேல் ஏறிக் குற்றாலம் போனோம். ஹெச்.எம். பெரிய அருவியில் குளித்தார். யானைக்கு வடை வாங்கிக் கொடுத்தோம். யானை நன்றி சொன்னது. திரும்பி வரும் வழியில் வயலட் டீச்சர் விசில் ஊதி எங்களை நிறுத்தி, ஹெல்மெட் இல்லை என்று அபராதம் போட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நோட்டு திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் கையெழுத்து. கீழே, "நன்று. கையெழுத்தைத் திருத்தவும்."

யாருமே படிக்கவில்லை!

சாயங்காலம் முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜெபாவிடம் காட்டினேன். அவளும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். பத்து நாளாக அவள் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாரும் படிக்க மாட்டார்கள் என்றால் இதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளதையும் எழுதலாம். நாளைக்கு எழுதுகிறேன். இன்று அறுபது நைட்டி இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பட்டது.

ஆவுடை திரும்பி ஓடும்போது அவள் கால்விரல் நுனி என் இடது குதிங்காலில் பட்டது. லேசாகத்தான் பட்டது. ஆனால் பட்டது.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாடி வருபவள் நம்மைத் தொட்டுவிட்டால், அம்பயர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாமே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை, ஆனால் எல்லோரும் செய்வார்கள். நானே நூறு தடவை தூக்கியிருக்கிறேன். அதனால்தான் அம்பயர் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். நான் சொன்னால் அதுதான் முடிவு என்று அவர் நினைத்தார்.

"இல்ல சார்" என்றேன்.

கடைசி நிமிடம். தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு பேர் பந்தலில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கை தூக்கியிருந்தால் அந்த ஒரு புள்ளியில் தோற்றிருப்போம், அதுவும் தலைவி அவுட்டாகி. இதையெல்லாம் யோசித்துத்தான் பொய் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகான பதினோரு நாளைத்தான் யோசித்து யோசித்துக் கடத்தினேன்.

எழுதிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. யாரும் படிக்காத இடத்தில் சொன்னதற்கு என்ன மரியாதை?

ஆகஸ்ட் 22, வியாழன்

ஏ பிரிவு மாலையம்மாள் நல்லான்குளத்திலிருந்துதான் பஸ்ஸில் வருகிறாள். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள், ஆவுடையை அவர்கள் பள்ளியிலும் சும்மா விடவில்லையாம். "படாதத பட்டுச்சுன்னு பொய் சொல்லி, அவதான் சண்டைய ஆரம்பிச்சான்னு அவ டீச்சரே எழுதிக் குடுத்துட்டாவளாம். அவளுக்கும் தென்காசி செலக்சன் கெடையாது. விரலும் போச்சு, பேரும் போச்சு. ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு அழுதாளாம்."

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள் ஜெபா.

முட்டையை ஜெபாவின் தட்டில் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24, சனி

பிசிறு வெட்டும்போது துணியையே வெட்டிவிட்டேன். மாம்பழக் கலர் நைட்டி, முன்பக்கம், காசு அகலத்துக்கு ஓட்டை.

அம்மா மெஷினை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"என்னட்டி, ரெண்டு வாரமா எங்கிட்டு இருக்க நீ?"

சொல்லிவிட்டேன். இடது குதிங்காலில் தொடங்கி ஆவுடை அழுதது வரைக்கும்.

அம்மா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, "இப்ப நீ சொன்னா ஜெபா புள்ள செலக்சனுக்குப் போவலாமா?" என்று கேட்டாள்.

"போவலாம்னு நெனைக்கேன். சண்ட யாரால வந்துச்சுன்னு தெரிஞ்சுரும்லா."

"நீ?"

"நான் போவ முடியாது."

அம்மா மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஒரு முழு நைட்டியைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். ஆறு வருசமா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுனது நீ. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. சொல்லுறதா இருந்தா முழுசா சொல்லு. பாதிய முழுங்கிட்டு வந்து எங்கிட்ட அழாத."

ஓட்டை விழுந்த நைட்டியில் பை வைத்துத் தைத்துவிட்டாள். எங்கே ஓட்டை இருந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று விடுமுறை. எழுத ஒன்றுமில்லை. நான்கு தடவை குளித்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

விசாரணை ஹெச்.எம். அறையில் நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்த சார் வழுக்கைத் தலை, மெலிந்த குரல், முன்னால் ஒரு நீலக் கோப்பு. ஹெச்.எம்., வயலட் டீச்சர், நாங்கள் பன்னிரண்டு பேர். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் கோப்பின் காகிதம் படபடத்தது. அவர் அதன்மேல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

முதலில் ஜெபாவைக் கூப்பிட்டார். "நீதான அந்தப் பொண்ணு கையப் பிடிச்சு முறுக்குனது?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"எங்க கேப்டன கள்ளின்னு சொன்னா சார்."

"அதுக்கு விரல ஒடிப்பியா?"

"தப்புதான் சார். ஆனா அவ சொன்னது பொய் சார்."

அந்த இடத்தில்தான் என்னால் முடியவில்லை. என்னைக் கூப்பிடும் வரை காத்திருந்து அழகாகச் சொல்ல வேண்டும் என்று நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், வரிசையின் கடைசியிலிருந்து, "பொய் இல்ல சார்" என்று கத்திவிட்டேன். கத்தியது எனக்கே கேவலமாகக் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பட்டுச்சு சார். எனக்கு இடது குதிங்கால்ல பட்டுச்சு. எனக்கு நல்லாத் தெரியும். அம்பயர் சார் கேட்டதுக்கு இல்லன்னு சொன்னேன். ஆவுடை சொன்னதுதான் உண்மை. ஜெபாவுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது."

சார் என் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? பிரெண்டக் காப்பாத்தணும்னு நீயா கட்டிச் சொல்லுதியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னபோது ஒரே சொல்லில் நம்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள்.

"சாட்சி இல்ல சார். ஆவுடைகிட்ட கேளுங்க, எந்தக் கால்ல பட்டுச்சுன்னு. நான் இங்க வச்சு மொதல்லயே சொல்லிட்டேன். ரெண்டும் ஒத்துப்போனா நம்புங்க."

சார் கைக்கடிகாரத்தை எடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வயலட் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். நான் ஜெபாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளிடம் ஓடினேன். அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்காக ஒருத்தி விரல ஒடிச்சேன்ட்டி" என்றாள். "உண்மையச் சொன்னவ விரல."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மைதானத்துக்கு வரவில்லை. அவள் பங்குத் தண்ணீரையும் நானே தெளித்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

பேசவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

பேசவில்லை. வகுப்பில் இடம் மாறிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பத்துப் பேரும் என்னிடம் பேசுகிறார்கள், ஆனால் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருத்தி மட்டும், "நீ எதுக்குட்டி சொன்ன, எல்லாரும் ஒண்ணா தண்டன அனுபவிச்சுட்டுப் போயிருக்கலாம்லா" என்றாள். ஒன்றாக அனுபவிக்க ஆவுடை எங்கள் பள்ளியில் படிக்கவில்லையே என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. ஆவுடையிடம் போனில் கேட்டார்களாம். "குதிங்கால், எடது" என்று ஒரே மூச்சில் சொன்னாளாம். அவள் பெயர் சுத்தமாகிவிட்டது, தேர்வுக்கும் போகலாம்.

அணிக்குக் கொடுத்த தடையைத் தீபாவளியோடு நீக்கிக்கொள்வார்கள். நாற்காலி உடைத்ததற்கும் கை நீட்டியதற்கும் அதுவரை மைதான வேலை தொடரும். ஜெபக்கனிக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. ஆவுடையின் வீட்டுக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டால் தேர்வுக்கு அனுமதி.

முப்பிடாதி இந்த வருடம் பள்ளிக்காக எந்த ஆட்டத்திலும் இறங்கக் கூடாது. தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். அடுத்த வருடம் நான் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டேன். ஆகவே இவ்வளவுதான். இனி இந்தப் பள்ளிக்கு நான் ஆடப் போவதில்லை.

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தாலும் அழுகை வராமல் இருக்குமா? கழிப்பறைக்குள் போய் நன்றாக அழுதேன். வெளியே வந்தால் வயலட் டீச்சர் நிற்கிறார். ஆறுதல் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணி பஸ்சு. நீயும் வார. ஜெபக்கனி மட்டும் மன்னிப்புக் கேட்டாப் போதாது."

"செரி டீச்சர்."

போனவர் திரும்பி வந்தார். "ஏட்டி, அந்த நோட்டுல இதையெல்லாம் எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் டீச்சர். இருபதாந் தேதியே."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் எங்க படிச்சேன். பன்னெண்டு நோட்டு, எட்டு கிளாசு, ஒத்த பி.டி. டீச்சரு" என்று சொல்லிக்கொண்டே போனார். யானையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

நல்லான்குளத்துக்கு ஒரு மணி நேரம். டீச்சர் நடுவில், நான் ஒரு பக்கம், ஜெபா மறுபக்கம்.

ஆவுடையின் வீடு மாவு மில்லுக்குப் பின்னால். அவள் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். "வாங்க டீச்சர்" என்று டீச்சரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆவுடை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரலில் வெள்ளைக் கட்டு. மைதானத்தில் பாடி வரும்போது ஆறடி உயரம் மாதிரி இருப்பாள். வீட்டில் பார்த்தால் என்னைவிடக் குட்டை.

ஜெபா முதலில் பேசினாள். "நான் ஒன் விரல ஒடிச்சது தப்பு. நீ பொய் சொல்லுதன்னு நெனச்சேன். பொய் சொல்லியிருந்தாலும் ஒடிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிரு." எழுதிக் கொடுத்ததை ஒப்பித்த மாதிரி இருந்தது, ஆனால் கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

ஆவுடை தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பேசவே விடவில்லை.

"பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"பட்டுச்சு."

"எங்கிட்டப் பாத்துச் சொல்லு."

"பட்டுச்சு ஆவுட. எடது குதிங்கால்ல பட்டுச்சு. நான் கை தூக்கியிருக்கணும். பொய் சொன்னது நாந்தான்."

அவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். விரல் ஒடிந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எங்க டீச்சர் நம்பல, எங்க அம்மா நம்பல. நாலு பேரு கேட்டு கேட்டு எனக்கே சந்தேகம் வந்துட்டு. படலையோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அதுவரை விரலைத்தான் பெரிய அடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு சொல் அவளை அதைவிட மோசமாக அடித்திருக்கிறது. அந்த வீட்டில் நின்றுகொண்டு, பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அவள் அம்மா காபி கொடுத்தார். மூன்று டம்ளர். எனக்கும் சேர்த்துத்தான். சீனி போட மறந்துவிட்டார், அப்படியே குடித்தோம்.

செப்டம்பர் 4, புதன்

கபடி அணிக்குப் புதுத் தலைவி பதினோராம் வகுப்பு சுந்தரவடிவு. நான் ஒப்படைத்திருந்த ஒன்பதாம் எண் ஜெர்ஸியை அவளுக்குக் கொடுத்தார்கள். இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது என்றாள். அம்மாவிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிரித்துத் தைத்து வாங்கிக் கொடுத்தேன். அம்மா தைத்து முடித்து அந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணி" என்றாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஜெபா தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறாள். நான் தண்ணீர் தெளிக்கிறேன். மூன்றடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே, "டீச்சர், எடது மூலைல நிக்க ஒரு ஆள் வேணும்" என்று டீச்சரிடம் சொன்னாள்.

"முப்பிடாதி, போயி நில்லு" என்றார் டீச்சர்.

"டீச்சர், கால இன்னும் கொஞ்சம் உள்ள வைக்கச் சொல்லுங்க."

"முப்பிடாதி, கால உள்ள வை."

"டீச்சர், அவ அவசரப்பட்டு டைவ் அடிக்கா."

"ரெண்டு பேரும் என்னத் தபால்காரின்னு நெனச்சியளா?" என்று டீச்சர் விசிலைக் கழற்றி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதன்பிறகு பேசாமலேயே ஒரு மணி நேரம் ஆடினோம். பாடி வந்தவர்களைப் பதினோரு தடவை பிடித்தோம். எப்போது எந்தப் பக்கம் பாய்வாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் என்னைத் தெரியும். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்றோடு நோட்டு முடிகிறது. டீச்சர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இதை இனி யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

செப்டம்பர் 14, சனி

தென்காசி. டீச்சர் என்னையும் அழைத்துப் போனார். பை சுமக்க ஆள் வேண்டுமாம். அறுபதுக்கு மேல் பிள்ளைகள். எல்லோரையும் கலைத்துப் போட்டு, ஏழு ஏழு பேராகப் பிரித்து ஆடவிட்டார்கள். யார் எந்தப் பள்ளி என்று பார்க்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். ஒரே அணியில் ஜெபக்கனியும் ஆவுடைச்செல்வியும். ஆவுடை இடது மூலை. அவளுக்கு அடுத்து ஜெபா.

அது என் இடம். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், அந்த நிமிடம் எனக்கு ஆவுடை மேல் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றுக்கு வெளியே மூன்று தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றுகொண்டு, அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரணியிலிருந்து ஒரு நெட்டை பாடி வந்தாள். தடுத்து நிற்கும்போது பக்கத்துப் பக்கத்து ஆட்கள் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஆவுடை வலது கையை நீட்டினாள். அந்த மோதிர விரலின் கட்டைப் பிரித்து நான்கு நாள்தான் ஆகிறதாம், இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஜெபா கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு விரலைத் தொடாமல், மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஆவுடை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் நெட்டையைப் பார்த்தார்கள்.

ஆவுடை காலைப் பிடித்தாள், ஜெபா இடுப்பைப் பிடித்தாள், நெட்டையால் நகர முடியவில்லை. நான் பாட்டில்களைக் கீழே போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை. "இது தேர்வு, திருவிழா இல்ல, உக்காரு" என்று டீச்சர் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஐந்து மணிக்குப் பட்டியல் வாசித்தார்கள். பன்னிரண்டு பேர். ஆவுடைச்செல்வி நான்காவது. ஜெபக்கனி பத்தாவது. ஜெபா அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளிடம் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல், பாட்டில்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் டீச்சர் வேண்டுமென்றே முன் சீட்டுக்குப் போய்விட்டார். நானும் ஜெபாவும் ஒரே சீட்டில். பத்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று திரும்பினாள்.

"ஏட்டி மூதி" என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பொய் சொன்னதற்குத் திட்டினாள். பதினெட்டு நாள் தன்னிடம் மறைத்ததற்கு அதைவிட அதிகமாகத் திட்டினாள். முதலில் தன்னிடம் சொல்லாமல் போய் சாரிடம் கத்தியதற்குத் திட்டினாள். "ரெண்டு பேரும் இன்னைக்கு உள்ள நின்னிருக்கணும்ட்டி, நாசமாக்கிட்டியே" என்று அழுதுகொண்டே திட்டினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டில் டீச்சர் தூங்குகிற மாதிரி நடித்தார். பதினெட்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டு வந்தேன்.

மேலச்செவலூர் வந்துவிட்டது. அவள் இன்னும் முடிக்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டே, "மீதிய நாளைக்குத் திட்டுதேன். அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துரு" என்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மைதான வேலை கிடையாது. நாலரைக்கே போய் நிற்பேன்.